பருவமும் பசியும்

கருணைத் தொகை! எத்துணை இனிய சொல்! தீபாவளி நெருங்குகையில் நாளேடுகளில் தவறாது தலைகாட்டும் சொல் அது. 2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களின் 'சி', 'டி' பிரிவுத் தொழிலாளர்க்கு 8.33 விழுக்காடு மிகை ஊதியம், 11.67 விழுக்காடு கருணைத் தொகை, ஆக 20 விழுக்காடு என்று அறிவிப்பு வந்தது. தொகையைப் பற்றி நமக்குப் பூசல் இல்லை. இருபது கிடைத்தது நல்லதே. நாம் நின்று நோக்குவது அந்த இரண்டு சொற்களை. மிகை என்றால் வேண்டியதற்கு மேற்பட்டது. கருணை என்றால் கேட்க உரிமையில்லாதவனுக்கு, கொடுப்பவரின் மனம் கனிந்து வருவது. உழைத்தவன் கைக்கு வரும் காசைக் குறிக்க, உழைப்பைச் சுட்டும் சொல் ஒன்றுகூடவா அகப்படவில்லை நம் அகராதியில்? 'போனஸ்' என்ற சொல்லும் இதற்கு விலக்கன்று. இலத்தீனில் 'நல்லது' என்று பொருள்படும் சொல்லின் வழி வந்தது அது. நல்லவர் தருவது, நல்ல நாளில் தருவது, நல்லபடி நடந்துகொண்டவனுக்குத் தருவது என்று அந்தச் சொல்லைச் சுற்றிப் பின்னப்பட்டிருக்கும் வலையைப் பாருங்கள்!

சொல்லாராய்ச்சி நமக்குப் பொழுதுபோக்கன்று, தோழர்களே. ஆலை வாயிலுக்கு வெளியே ஒருவன் நிற்கிறான். ஆண்டு முழுவதும் வேலை இல்லாதவன். ஆனால் வேலை இருக்கும் மாதங்களில் முதுகு முறிய உழைத்தவன். "நீ பருவத்துக்கு வந்தவன், பருவம் முடிந்தது, போய் வா, உனக்கேது போனஸ்?" என்று அவனிடம் சொல்லத் துணிவு தருவது அந்தச் சொற்கள்தாம். கருணை என்றால் யாருக்குக் காட்டுவது என்பதைக் காட்டுபவரே முடிவு செய்யலாமன்றோ!

ஆகவே நாம் எழுப்பும் கேள்வி இது: தொழில் பருவத்தில் மட்டும் நடக்கிறது என்றால், அத்தொழில் உழைப்பாளிக்குப் பட்டிருக்கும் கடனும் பருவத்தோடு முடிந்துவிடுமா?

தூத்துக்குடிக்குப் போவோம். வடகிழக்கு மழை ஓய்ந்து தை பிறந்ததும் உப்பளங்களில் வேலை தொடங்குகிறது. மழைநீர் கலைத்துப்போட்ட பாத்திகளைத் திருத்த வேண்டும். சேற்றை மிதித்து மிதித்து இறுக்கித் தளமாக்க வேண்டும். உவர்நீரைப் பாய்ச்ச வேண்டும். வெயில் ஏற ஏற நீர் வற்றும். நீர் வற்ற வற்ற உப்பு விளையும். விளைந்ததைப் பலகையால் வாரி, வரப்பில் சேர்த்து, கூடையில் சுமந்து அம்பாரமாகக் குவிக்க வேண்டும். விடியுமுன் தொடங்குகிறார்கள், ஏனெனில் வெயில் ஏறிவிட்டால் வெண்மணல்போல் பரந்த உப்பின் மீது பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் குருடாக்கும். காலில் வெடிப்பு; வெடிப்பில் உப்பு. வெந்த புண்ணில் உப்பைத் தேய்ப்பது என்று நாம் மேடையில் உவமையாகச் சொல்கிறோம்; அவர்களுக்கு அது உவமையன்று, அன்றாடம். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தி கரைகிறது, வேலை நிற்கிறது. அம்பாரம் மட்டும் நிற்கிறது, கீற்றால் மூடப்பட்டு. நல்ல விலை வரும் வரை காத்திருக்கிறது. குவித்தவர் காத்திருக்க முடியுமா? அவருக்கு அன்று மாலையே அடுப்பு எரிய வேண்டும்.

சர்க்கரை ஆலையிலும் கதை இதுவே. அரவைப் பருவம் வந்தால் இரவும் பகலும் எந்திரம் ஓடும், ஆட்கள் அழைக்கப்படுவர். கரும்பு வரத்து நின்றால் சக்கரம் நிற்கும். நிரந்தரமானவர் உள்ளே பழுது பார்க்க, பருவத்தவர் வெளியேறுவர். அடுத்த அரவைக்கு அதே ஆட்கள், அதே எந்திரத்தின் முன்! பத்துப் பருவம், இருபது பருவம் என்று முடி நரைத்தவர் உண்டு; பெயர் மட்டும் மாறுவதில்லை. பருவகாலத் தொழிலாளி!

சட்டம் இவர்களை எப்படிப் பார்த்தது? பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவமும் உதவித்தொகையும் தர வந்தது. ஆனால் "பருவகாலத் தொழிற்சாலை நீங்கலாக" என்று முதலிலேயே கோடு கிழித்தது. பருத்தி கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலை, நிலக்கடலை உடைக்கும் ஆலை, சர்க்கரை, தேயிலை, காப்பி, இரப்பர் என்று நீண்டது அந்தப் பட்டியல். நோய்க்குப் பருவம் உண்டு போலும்! வேலை கொடுக்க இயலாத நாட்களுக்குப் பாதி ஊதியம் தரவேண்டும் என்ற தொழில் தகராறுச் சட்டத்தின் பகுதியும் பருவகால நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்றது. எது பருவகாலம் என்ற ஐயம் வந்தால் அரசின் முடிவே இறுதி என்றும் சேர்த்துக்கொண்டது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் மற்றவர்க்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்றது. பருவத் தொழிலாளிக்குப் பருவத்துக்கு 7 நாள் ஊதியம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இந்தக் கோடுகளை அழிக்கவில்லை.

இத்தனை கதவுகள் அடைக்கப்பட்ட வீட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. அதுதான் 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டம். ஒரு கணக்காண்டில் 30 வேலை நாட்களுக்குக் குறையாமல் உழைத்த ஒவ்வொருவருக்கும் போனஸ் பெறும் உரிமை உண்டு என்றது அதன் எட்டாவது பிரிவு. நிரந்தரம் என்றோ, பருவம் என்றோ பிரித்துப் பேசவில்லை. முப்பது நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஊதியத்துடன் கூடிய விடுப்பு நாட்களும், வேலையில் ஏற்பட்ட விபத்தால் முடங்கிய நாட்களும், மகப்பேற்று விடுப்பு நாட்களும் வேலை நாட்களாகவே எண்ணப்படும் என்றது. முன் சட்டத்தின் இடத்தில் இன்று நிற்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும் அந்த முப்பது நாள் விதியைக் காத்திருக்கிறது. ஈட்டிய ஊதியத்தில் 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, குறைந்த அளவு. 20 விழுக்காடு மேல் எல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று வைத்துக்கொள்வோம். 150 நாள் உழைத்தவர் ஈட்டியது 75,000. அவருக்குரிய குறைந்த போனஸ் 6,250. முப்பது நாள் உழைத்தவருக்கு 1,250. இருபத்தொன்பது நாள் உழைத்தவருக்கு? ஒன்றுமில்லை! முப்பதாம் நாளின் கூலி 500. அந்த நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் போனஸ் 1,250. கூலியைவிட இரண்டரை மடங்கு கனமானது அந்த ஒரு நாள். அந்த நாளில் "இன்று வேலை இல்லை" என்று மேஸ்திரி சொன்னால், வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்குப் பதில் அவன் தம்பி பெயர் ஏறினால், யாருக்கு ஆதாயம்? கூட்டல் தெரிந்த எவரும் சொல்வர். ஆகவேதான் கூட்டலை உழைப்பாளியும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

சட்டத்தில் இன்னொரு வேடிக்கை. 8.33 விழுக்காடு அல்லது 100 ரூபாய், இவற்றில் எது மிகுதியோ அது குறைந்த போனஸ் என்று எழுதியிருக்கிறார்கள். 8.33 விழுக்காடு நூறு ரூபாய்க்குக் கீழே இறங்க வேண்டுமானால் ஒருவன் ஓர் ஆண்டில் ஈட்டியது 1,200 ரூபாய்க்கும் குறைவாக இருக்க வேண்டும். முப்பது நாள் உழைத்து 1,200 ஈட்டாத ஆள் இன்று எங்கே இருக்கிறான்? செத்துப்போன எண்ணைச் சட்டத்தில் குந்தவைத்து மாலை சூட்டியிருக்கிறார்கள். அந்தச் செத்த நூறையும் ஆண்டு முழுவதும் வேலை செய்யாதவனுக்கு நாள் கணக்கில் குறைத்துக் கொள்ளலாம் என்றது பழைய சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு! அகோலாவின் ஜின்னிங் ஆலை பற்றிய வழக்கொன்றில் பம்பாய் உயர்நீதிமன்றமும் பருவத் தொழிலாளிக்கு நாள் அளவுக்கேற்ற போனஸ்தான் என்றது. போகட்டும், உண்டு என்பதையாவது உறுதி செய்தது.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். போனஸ் என்பது என்ன? மூன்றே மூன்று விடைகள்தாம் இருக்க முடியும். கொடை, இலாபத்தில் பங்கு, அன்றே தரவேண்டியதைப் பிடித்து வைத்துப் பின்னர் தரும் கூலி.

கொடை என்றுதான் முதலில் சொன்னார்கள். 1917இல் அகமதாபாத்தில் கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் 'பிளேக் போனஸ்' தந்தனர். நோய் போயிற்று, கருணையும் போயிற்று. 1918இல் வேலைநிறுத்தம் மூண்டது. பம்பாய்த் துணி ஆலைகளில் போர்க்காலத்தில் 1917 முதல் பத்து விழுக்காடு, பிறகு பதினைந்து விழுக்காடு என்று தந்துவந்தனர். 1924இல் இல்லை என்று கையை விரித்தனர். தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்; பம்பாய்த் தலைமை நீதிபதி நார்மன் மக்லியாட் தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து, வழக்கப்படியோ சட்டப்படியோ நியாயப்படியோ தொழிலாளர்க்கு இதைக் கேட்கும் உரிமை இல்லை என்று தீர்ப்புரைத்தது. பார்த்தீர்களா! கொடை என்று ஒப்புக்கொண்டால் நேற்றுத் தந்த கை இன்று மூடிக்கொள்ளலாம். சாவுக்கு அஞ்சாமல் ஆலையில் நில் என்பதற்காகத் தந்த காசுக்குக் கொடை என்று பெயர் வைத்த துணிவை என்னென்பது!

அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நடுவர் மன்றம் பம்பாய் ஆலைகளின் வழக்கில் ஒரு வாய்பாடு வகுத்தது: தேய்மானம், வரி, முதலீட்டுக்கு வருவாய் முதலியவற்றைக் கழித்து மிஞ்சும் உபரியில் தொழிலாளிக்கும் பங்குண்டு. 1950களின் நடுவில் மியூர் ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம், போனஸ் கொடையும் அன்று, பின்தள்ளிய கூலியும் அன்று. கூலி வாழ்வுக்குப் போதாதிருக்கும்போது, தொழிலில் இலாபமும் இருக்கும்போது எழும் உரிமை என்றது. எம். ஆர். மெஹர் தலைமையில் 1961இல் அமைந்த போனஸ் ஆணையம் 1964இல் அறிக்கை தந்தது. 1965இல் சட்டம் வந்தது. நட்டம் வந்தாலும் குறைந்த போனஸ் தரவேண்டும் என்றது அது. முதலாளிகள் வழக்காடினர். 1966இல் ஜலான் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் சட்டத்தின் வேறு சில பிரிவுகளை வெட்டியது. ஆனால் குறைந்த போனஸ் செல்லும் என்றது.

நட்டத்திலும் தரவேண்டியது இலாபத்தில் பங்காக மட்டும் இருக்க முடியுமா? பிடித்து வைத்த கூலி என்று நீதிமன்றம் பெயர் சொல்லத் தயங்கினாலும், சட்டம் அந்தப் பக்கம் பாதி வழி நடந்துவிட்டது.

இப்போது பருவத் தொழிலாளியை இந்த விடைகளின் முன் நிறுத்துவோம். போனஸ் இலாபத்தில் பங்கு என்கிறீர்களா? உப்பளத்தின் இலாபம் முழுவதும் விளைந்தது அவன் உழைத்த மாதங்களில்தான். மழைக்கால மாதங்களில் ஒரு படி உப்பும் விளையவில்லை. சர்க்கரை முழுவதும் ஆடப்பட்டது அவன் நின்ற பருவத்தில்தான். இலாபம் பருவத்தில் பிறந்தது என்றால் பருவத்தவனே அதற்கு முதல் உரியவன். பின்தள்ளிய கூலி என்கிறீர்களா? அப்படியானால் முதல் நாள் உழைப்பிலேயே அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு பிறந்துவிட்டது. முப்பது நாள் வாயிற்காப்பு எதற்கு? இருபத்தொன்பது நாளின் கூலியிலிருந்து பிடித்து வைத்தது எங்கே போயிற்று? எந்த வழியில் வந்தாலும் அவன் உரிமை நிற்கிறது. கொடை என்று சொன்னால் மட்டுமே விழுகிறது. அதனால்தான் அந்தச் சொல்லை விட மனமில்லை போலும்.

"ஆண்டு முழுவதும் உழைத்தவனும் நாலு மாதம் உழைத்தவனும் ஒன்றா? இதுவா நீதி?" என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி, ஆலைக்குள் நிரந்தரமாக இருக்கும் தோழரே சில வேளை கேட்கிறார். ஒன்றென்று நாம் சொல்லவில்லை. விழுக்காடு என்பதே அளவுக்கேற்ற பங்குதான். 300 நாள் உழைத்தவருக்கு 300 நாள் கூலியின் பன்னிரண்டில் ஒன்று. 60 நாள் உழைத்தவருக்கு 60 நாள் கூலியின் பன்னிரண்டில் ஒன்று. நாள் குறைந்ததற்காக ஒருமுறை குறைந்தாயிற்று. அதன் மேலும் வாசலில் நிறுத்துவது எதற்கு? சில்லறைக் கணக்கு எழுதும் தொல்லையைத் தவிர்க்க ஓர் எல்லை வேண்டும் என்பார்கள். எழுத்தரின் வசதிக்காக ஏழையின் பங்கை எடுப்பது எந்த ஊர் அறம்?

பங்கிடும் கணக்கேட்டை இன்னும் கொஞ்சம் புரட்டுவோம்; அங்குதான் உண்மை ஒளிந்திருக்கிறது. உபரியைக் கணக்கிடுமுன் எந்திரத்தின் தேய்மானம் கழிக்கப்படுகிறது. ஐந்து மாதம் ஓடி ஏழு மாதம் உறங்கிய எந்திரத்துக்கு ஓடிய நாட்களுக்கு மட்டுமா தேய்மானம்? இல்லை, ஆண்டுக்கென்று கணக்கிடப்படுகிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, கம்பெனிகளின் பங்கு முதலுக்கு 8.5 விழுக்காடும், சேமநிதிக்கு 6 விழுக்காடும் முதலிலேயே ஒதுக்கப்பட்டன. அந்த முதலும் பருவத்தில் மட்டுமா வேலை செய்தது? "நீ அரவைப் பருவத்தில்தான் உழைத்தாய், ஆகவே பங்கு முதலே, உனக்கு மூன்றரை விழுக்காடு போதும்" என்று யாராவது சொன்னார்களா? பணம் பருவகாலத் தொழிலாளி ஆவதில்லை. இரும்பும் பருவகாலத் தொழிலாளி ஆவதில்லை. உறங்கும் மாதங்களில் எந்திரத்துக்கு எண்ணெய் பூசி, துரு ஏறாமல் காக்க ஆள் உண்டு. அடுத்த பருவத்துக்கு அதே அளவு தேவைப்படும் மனிதனைத் துரு ஏறாமல் காப்பது யார் பொறுப்பு? அவன் மனைவியின் பொறுப்பு. அவளது காதுத் தோட்டின் பொறுப்பு. வட்டிக்குக் கொடுப்பவரின் பொறுப்பு!

பள்ளியில் பாடம் நடத்தும் நாம் இதைச் சொல்லியாக வேண்டும். சித்திரை வெயிலில் பள்ளி மூடப்படுகிறது. மாணவன் இல்லை, மணி இல்லை, பாடம் இல்லை, ஊதியம் உண்டு. (சில தனியார் பள்ளிகள் மே மாதத்தை விழுங்கிவிடுவது வேறு கதை, அதற்கு வேறு கட்டுரை வேண்டும்.) நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, நீதிபதிக்கு ஊதியம் உண்டு. நம்மை யாரும் பருவகால ஆசிரியர் என்பதில்லை. அவரை யாரும் பருவகால நீதிபதி என்பதில்லை. கோடையில் நமக்கும் பசிக்கும் என்று சமுதாயம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கார்த்திகையில் உப்பளத் தொழிலாளிக்குப் பசிக்கும் என்று ஒப்புக்கொள்ள மட்டும் ஏன் தயங்குகிறது? படித்தவன் வேலையற்றிருந்தால் விடுமுறை. படிக்காதவன் வேலையற்றிருந்தால் தலைவிதி! மழை இயற்கை, மழைக்காலப் பட்டினி இயற்கையன்று. அது பதிவேட்டில் எழுதப்பட்டது. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். (கல்வி நிலையங்கள் போனஸ் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே நமக்குச் சேர வேண்டியதற்காகப் பேசுகிறோம் என்று எவரும் ஐயுற வேண்டாம்.)

திறந்திருந்த அந்த ஒரு கதவையும் இப்போது சற்றே சாத்தியிருக்கிறார்கள். அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. பழைய சட்டம் 'ஒவ்வொரு தொழிற்சாலையும்' என்று தொடங்கியது. தொழிற்சாலை அல்லாத நிறுவனங்களுக்குத்தான் 20 பேர் என்ற எல்லை. விசைப்பொறியோடு பத்துப் பேர் உழைத்தாலே அன்று அது தொழிற்சாலை. உப்பளமும் தொழிற்சாலையே என்று 1960களின் தொடக்கத்தில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய ஊதியத் தொகுப்போ எல்லாவற்றுக்கும் 20 பேர் என்று வைத்துவிட்டது. தூத்துக்குடியில் சிறு குத்தகையில் நடக்கும் அளங்கள் பல. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடங்கள். நேற்று உரிமை என்றிருந்தது அங்கே இன்று கருணையாகிவிட்டது. ஆண்டில் எந்த ஒரு நாளிலாவது 20 பேர் வேலை செய்திருந்தால் போதும் என்கிறது தொகுப்பு; ஆனால் அந்த நாளை எழுதி வைப்பது யார்? எந்தச் சம்பளத்துக்கு மேற்பட்டவர்க்குப் போனஸ் இல்லை என்ற வரம்பையும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 21,000 ரூபாய் என்று சட்டத்திலேயே இருந்ததை எடுத்து, அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டார்கள். கரும்பு வெட்டும் ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்கள் மேஸ்திரியின் ஆட்கள், ஆலையின் ஏட்டில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஆகவே இந்தப் பருவத்தில் நம் இளைஞர் மன்றங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய மாநாடு வேண்டாம். உப்பளத்துக்கு, செங்கல் சூளைக்கு, அரவை ஆலைக்கு அருகில் இருப்போர் மாலைப் பள்ளி நடத்துகிறார்கள் அல்லவா? அங்கே மலிவு விலைக் குறிப்பேடு ஒன்றில் நாட்களை எழுதக் கற்றுக் கொடுக்கட்டும். இன்று வேலைக்குப் போனேன், இத்தனை பேர் இருந்தோம், இவ்வளவு கூலி. மூன்றே கட்டங்கள். முப்பதாம் கோடு விழுந்த நாளில் ஒரு வட்டம். இருபது பேர் ஒரே நாளில் இருந்தால் அங்கே ஒரு வட்டம். நிறுவனத்தின் பதிவேட்டை நாம் எழுத முடியாது. அதன் எதிரே வைக்க இன்னொரு ஏடு இருக்கலாம் அன்றோ!

அந்த ஏட்டைத் தொலைக்காமல் நெடுநாள் காக்கவும் சொல்லித் தர வேண்டும். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் தரலாம் என்று சட்டம் தவணை தந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உப்பு வாரியவனுக்கு 2025 நவம்பர் 30 வரை காத்திருக்கச் சொல்லலாம். அதற்குள் இரண்டு மழைக்காலம் வந்துவிடுகிறது. நிரந்தரத் தொழிலாளி அதே வாயிலில் அதே அடையாள அட்டையோடு நிற்பான்; அவனைத் தேட வேண்டியதில்லை. பருவத்தவன் எந்த ஊரில் எந்த வேலையில் இருக்கிறானோ! பருவம் முடியும் நாளிலேயே கடைசிக் கூலியோடு பன்னிரண்டில் ஒரு பங்கையும் எண்ணிக் கையில் வைக்க வேண்டும் என்பதே நாம் கேட்கும் திருத்தம். உபரிக் கணக்கு பார்த்து மேலே எவ்வளவு என்பது பிறகு வரட்டும். இலாபமோ நட்டமோ தரவேண்டிய அந்த 8.33க்கு எந்த ஐந்தொகைக் கணக்கும் தேவையில்லை. மழைக்கு முன் அது அவன் வீடு போய்ச் சேர வேண்டும்.